நான்காவது விசில்

சனிக்கிழமை, காலை 10.20. ஈஸ்ட் ஹாம். லண்டனின் நவம்பர் கடைசிக் குளிர். பையில் இரண்டரைப் பவுண்டு கொடுத்து வாங்கிய முறுக்குப் பாக்கெட் ஒன்று, குறிப்பேடு, உதட்டுக்குப் பூசும் களிம்பு. களிம்புதான் முக்கியம். உதடு வெடித்தால் விசில் வராது. நான் சவுத்தாலுக்குப் போவதே விசிலடிக்கத்தான்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். அங்கே என்னோடு வேலை பார்ப்பவர் ஹர்ப்ரீத், சவுத்தாலிலேயே பிறந்து வளர்ந்த பஞ்சாபிப் பெண். அவருடைய அப்பாவுக்கு ஆகஸ்டில் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் ஓரளவு தேறிவிட்டன. வாய் மட்டும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றுவிட்டது. அவர் ஒரு பச்சைக்கிளி வளர்த்தார். பெயர் மிட்டு. தினமும் காலையில் அவர் விசிலடிப்பார், கிளி பதில் சொல்லும். பதினான்கு வருடப் பழக்கம். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் உதட்டில் விசில் வரவில்லை. பதினோரு நாளைக்கு முன்பு, சமையலறைக் கதவு ஒரு நிமிடம் திறந்திருந்தபோது மிட்டு பறந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் பேச்சுப் பயிற்சியை நிறுத்திவிட்டார். பயிற்சி கொடுக்க வரும் பெண்ணைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம்.

"கிளி போனால் போகட்டும். அப்பாவும் கூடவே போய்க்கொண்டிருக்கிறார்" என்றார் ஹர்ப்ரீத்.

தேடுவதில் ஒரு பெரிய சிக்கல். லண்டன் பூங்காக்களில் காட்டுக்கிளிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. நம்மூர்க் கிளியேதான், அதே பச்சை, அதே சிவப்பு மூக்கு. அந்தக் கூட்டத்தில் மிட்டுவைக் கண்ணால் பிரிக்க முடியாது. விசிலால்தான் பிரிக்க வேண்டும். அந்த வீட்டில் விசிலடிக்கத் தெரிந்த ஒரே ஆளுக்கு இப்போது வாய் வராது. ஹர்ப்ரீத் முயன்று பார்த்திருக்கிறார், எச்சில்தான் தெறித்ததாம்.

என்னை ஏன் கூப்பிட்டார் என்றால், அக்டோபரில் எங்கள் கடைக்குப் பின்னால் ஒரு வேன் பின்னோக்கி வந்து, பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர்மேல் ஏறப் பார்த்தது. யோசிக்குமுன் என் இரண்டு விரல் வாய்க்குப் போய்விட்டது. வேன் நின்றது. தெருவே நின்றது. அது நான் கற்றுக்கொண்ட வித்தையில்லை, எங்கள் வீட்டுச் சொத்து. அப்பா சங்ககிரியில் லாரி கிளீனர். கையெழுத்துக்குக் கட்டைவிரல் வைப்பவர். ஆனால் பின்னால் வரும் பதினாலு சக்கர லாரியை ஒரே விசிலில் நிறுத்துவார். நீளமாக அடித்தால் வரலாம், வெட்டி அடித்தால் நில்.

கிளம்புமுன் அவருக்குப் போன் செய்தேன். சவுத்தாலில் எல்லாம் பஞ்சாபிக்காரர்கள் என்றதும் உற்சாகமாகிவிட்டார். லூதியானா வரைக்கும் லோடு ஏற்றிப் போனவர்.

"அவங்களும் சீட்டின்னுதான் சொல்லுவாங்க சாமி. சோறுன்னாப் புரியாது, தண்ணின்னாப் புரியாது. சீட்டின்னாப் புரியும். அந்த ஒரு வார்த்தைய வெச்சுத்தான் நான் அங்க பத்து நாளு ஓட்டுனேன்."

குறிப்பேட்டில் முதல் வரியாக அதை எழுதிக்கொண்டேன். தமிழில் சீட்டி. பஞ்சாபியிலும் சீட்டி.

10.35. வாசலில் ஷூ மாட்டும்போது வீட்டுக்காரர் சிவநேசன் அண்ணை எதிர்ப்பட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். ஜெர்மனியில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். அவர் வீட்டு மாடியறையில்தான் நான் குடியிருக்கிறேன்.

"என்ன தம்பி, விடியவே வெளிக்கிட்டாச்சு?"

சொன்னேன்.

"லண்டனிலை வீடு பிடிக்கவே ஏலாமல் கிடக்கு. நீர் கிளி பிடிக்கப் போறீரோ?"

ஒரு வாரமாக மேலே நான் பழகும் சத்தம் தொந்தரவாக இருந்திருக்கும், மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் சிரித்தபடிதான் பதில் சொன்னார். அவர்கள் ஊரில் சண்டைக் காலத்தில் விசில் கேட்டால் பங்கருக்குள் ஓட வேண்டும் என்று அர்த்தமாம். விமானச் சத்தம் யாருக்கு முதலில் கேட்கிறதோ அவர் அடிப்பாராம்.

"இப்பவும் ஆரும் விசிலடிச்சால் கால் தன்பாட்டிலை ஓடப் பாக்கும். நீர் அடிக்கேக்கை நான் கதிரையைப் பிடிச்சுக்கொண்டு இருப்பன்."

மாட்டிய ஷூவைக் கழற்றப் போனேன். அவரே தோளில் தட்டி, "பரவாயில்லை, கிளிக்குத்தானே" என்று அனுப்பிவைத்தார்.

11.05. டிஸ்ட்ரிக்ட் லைனில் வைட்சாப்பல் வரை எட்டு நிறுத்தம். அங்கே எலிசபெத் லைனுக்கு மாற வேண்டும். நடைமேடையில் கூட்டமில்லை. மெட்டு மறந்துவிடுமோ என்ற பயத்தில் மெல்ல ஒருமுறை அடித்துப் பார்த்தேன். எனக்கு நாலடி முன்னால் நின்ற சிவப்புக் கோட்டுப் பெண்மணி சட்டென்று திரும்பினார். அவர் பார்வையிலேயே என் தப்பு புரிந்தது. ஒரு பெண்ணின் முதுகுக்குப் பின்னால் அடிக்கும் விசிலுக்குச் சங்ககிரியானாலும் லண்டனானாலும் ஒரே பொருள்தானே. ஒரு கிளியைத் தேடிப் போகிறேன், அதற்குப் பழகுகிறேன் என்று தட்டுத்தடுமாறி விளக்கினேன். அவர் என் தோளில் கிளி இருக்கிறதா என்று பார்த்தார்.

"கிளி கண்ணில் படும்வரை வாயை மூடிக்கொண்டிரு" என்றார். சவுத்தால் வரும்வரை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

12.05. சவுத்தால். ஸ்டேஷன் பெயர்ப்பலகையில் ஆங்கிலத்துக்குக் கீழே பஞ்சாபி எழுத்து. ஈஸ்ட் ஹாமிலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி வந்திருக்கிறேன். நகைக்கடையும் துணிக்கடையும் காய்கறித் தட்டும் அதே வரிசையில்தான் இருக்கின்றன, கடைக்காரர் பேச்சுதான் வேறு. ஹர்ப்ரீத் ஸ்டேஷன் வாசலில் காத்திருந்தார். பிராட்வே கடைத்தெருவில் நான்கு ஜிலேபி இரண்டு பவுண்டு. வாங்கிக்கொண்டு நடந்தோம். நாங்கள் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில், தமிழில் எழுதுகிறேன்.

பஞ்சாபியில் விசிலடிப்பதற்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "சீட்டி மார்னா" என்றார். ரெஃப்ரி அடிப்பதும், மாட்டைத் தண்ணீர் குடிக்கவைக்க அடிப்பதும், பொறுக்கிப் பையன்கள் அடிப்பதும் எல்லாம் அதுதானாம். பெண்பிள்ளைகள் அடித்தால் மட்டும் அடி விழும். அவருடைய அம்மா சின்ன வயதில் ஒருமுறை உதட்டைக் குவித்ததற்கே வாயில் வாங்கியவராம். என் தங்கைக்கும் அதே கதைதான் என்றேன். இதையும் எழுதிக்கொண்டேன்.

12.40. வரிசை வீடுகளில் ஒன்று. சமையலறையின் கண்ணாடிக் கதவைப் பார்த்தபடி நாற்காலியில் ஹர்ப்ரீத்தின் அப்பா. பக்கத்தில் கூண்டு. அதன் கதவு திறந்திருந்தது, உள்ளே அன்று நறுக்கிய ஆப்பிள் துண்டு. கைகூப்பி "சத் ஸ்ரீ அகால் அங்கிள்" என்றேன். தலையை லேசாக அசைத்தார். கண் தோட்டத்தை விட்டு வரவில்லை.

ஆன்ட்டி, ஹர்ப்ரீத்தின் அம்மா, ரொட்டியும் ராஜ்மாப் பயறும் வைத்தார். அவர் பஞ்சாபியில் பேச ஹர்ப்ரீத் எனக்கு மொழிபெயர்த்தார். ராஜ்மா நடுவில் கொஞ்சம் கல்லாக இருந்தது. நான் மென்ற விதத்திலேயே ஆன்ட்டிக்குத் தெரிந்துவிட்டது. சட்டியில் வேகவைத்தது, மன்னித்துக்கொள் என்றார். குக்கர் கெட்டுவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன், கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாலையில் நேர்ந்த கூத்தைத் தவிர்த்திருக்கலாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு அங்கிள் முன்னால் நின்று, ஹர்ப்ரீத் எனக்கு ஒரு வாரமாக முனகிக் காட்டிய மெட்டை அடித்தேன். இரண்டு ஏற்றம், ஓர் இறக்கம், கடைசியில் மறுபடி கொஞ்சம் ஏற்றம். அவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு இடது கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். இல்லை. மறுபடி அடித்தேன். இல்லை. மூன்றாவது தடவை கையைக்கூட ஆட்டவில்லை, தோட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆன்ட்டிதான் விளக்கினார். "உன் சீட்டி உத்தரவு போடுகிறது, புத். அவருடையது கேட்கும். எழுந்தாச்சா என்று கேட்கும்."

புத் என்றால் மகன். லாரியை நிறுத்துகிற வம்சத்துக்குக் கேள்வி கேட்கும் விசில் எங்கிருந்து வரும்? பின்கட்டில் நின்று அரைமணி நேரம் பழகினேன். கடைசி ஏற்றத்தில் காற்றைக் குறைத்தால் கொஞ்சம் கேள்வி மாதிரி வந்தது. அங்கிளைப் பூங்காவுக்கு அழைத்தோம். அவர் அசையவில்லை. ஆன்ட்டியும் ஹர்ப்ரீத்தும் நானும் மட்டும் கிளம்பினோம்.

3.10. காரில் எட்டு நிமிடம். கால்வாயோரத்துப் பூங்கா. நடுவில் இலையுதிர்ந்த உயரமான மரங்கள் ஏழெட்டு. பொழுது சாயும் நேரத்தில் கிளிகள் இங்கேதான் அடையும் என்று ஹர்ப்ரீத் விசாரித்து வைத்திருந்தார். மூன்றரைக்குப் பத்துப் பத்தாக வந்தன. அப்புறம் நூறாக வந்தன. மரத்துக்கு மறுபடி இலை முளைத்தது மாதிரி இருந்தது. கத்தல் காதைப் பிளந்தது.

என் கேள்வி விசிலை அடித்தேன். எனக்கே கேட்கவில்லை. இன்னும் பலமாக அடித்தேன். பயனில்லை. ஆன்ட்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது கிலோமீட்டர் வந்தவன் வெறுங்கையோடு போகக்கூடாது என்ற ரோஷத்தில் இரண்டு விரலை மடித்த நாக்குக்குக் கீழே வைத்து அப்பாவின் லாரி விசிலை அடித்துவிட்டேன்.

மரம் மொத்தமும் எழுந்து பறந்தது. ஒரு கிளி மிச்சமில்லை. கூடவே, மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒரு வெள்ளை நாய் பாய்ந்து வந்து என் காலடியில் உட்கார்ந்து நாக்கைத் தொங்கப்போட்டது. பின்னாலேயே மூச்சுவாங்க வந்த ஆங்கிலேயப் பெரியவர் அதற்குக் கயிறு மாட்டிவிட்டு, "நல்ல விசில். ஆனால் ஆள் மாறி வந்துவிட்டது" என்று சொல்லிப் போனார்.

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். திட்டுவார்கள் என்று பார்த்தால் ஆன்ட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, பக்கத்தில் உட்கார்ந்து, என்னைத் தேற்றுவதற்காகத்தான் அந்தக் கதையைச் சொன்னார்.

மிட்டு பெரிய திருடனாம். குக்கர் சத்தத்தை அப்படியே அடிப்பானாம். ஆன்ட்டி அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டே குக்கரை எண்ணுவார். தின் சீட்டியாங், மூன்று விசில் வந்தால் ஒன்றை மிட்டு சேர்த்து நான்காக்கிவிடுவான். நாலு வந்துவிட்டதென்று அடுப்பை அணைத்தால் கடலை வெந்திருக்காது. முதல் கடலை அவனுக்குத்தான் போகும், அதற்கு அவசரம். பிறகு ஆன்ட்டியும் சுதாரித்து, மொத்தத்தில் ஒன்றைக் கழித்தே எண்ணப் பழகிவிட்டார்.

"அப்புறம் ஏன் இன்றைக்குச் சட்டியில் வேகவைத்தீர்கள்?" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. மிட்டு போன மறுநாள் குக்கர் வைத்தாராம். மூன்றாவது விசில் முடிந்ததும் அங்கிள் கூண்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். அதைப் பார்க்கத் தாங்காமல் குக்கரை அலமாரி உச்சியில் தூக்கி வைத்துவிட்டார். பத்து நாளாக அந்த வீட்டில் குக்கர் சத்தம் இல்லை.

நான் எழுந்தேன். கிளிகள் இரண்டும் மூன்றுமாக மரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

எங்கள் வீட்டுக்குக் குக்கர் வந்தது நான் பிளஸ் டூ படிக்கும்போது. அம்மா வெளியே வேலையாக இருப்பார், நான் புத்தகத்தோடு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விசில் எண்ண வேண்டும். அந்தச் சத்தம் எனக்கு அத்துப்படி. முதலில் பல்லிடுக்கில் காற்று கசியும், பிறகு கிறுகிறுத்து ஏறும், உச்சியில் நின்று அப்படியே விழும்.

நின்று நிதானமாக அடித்தேன். ஒன்று. எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டுமென்று ஆன்ட்டி இடைவெளிக்குக் கை காட்டினார். இரண்டு. ஓடிக்கொண்டிருந்த ஒருவர் பாட்டுக் கேட்கும் இயர்ஃபோனைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார். மூன்று.

கிளிகள் கத்தின. கத்திக்கொண்டே இருந்தன. அந்தக் கத்தலுக்கு நடுவில், இடது ஓரத்து மரத்தின் பாதி உயரத்திலிருந்து, கசிந்து, கிறுகிறுத்து ஏறி, உச்சியில் நின்று விழுந்தது நான்காவது விசில்.

ஆன்ட்டி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "ஓஹி ஐ" என்றார். ஹர்ப்ரீத் மொழிபெயர்க்க அங்கே இல்லை. காரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார், அப்பாவை அழைத்துவர. எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவுமில்லை. அவனேதான்.

4.10. பாதி இருட்டு. அங்கிள் கைத்தடியோடு காரிலிருந்து இறங்கினார். ஹர்ப்ரீத் கையில் கூண்டு. அதுவரை அவன் மறந்துவிடாமல் இருக்க இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை குக்கர் வைத்து என் உதடு மரத்திருந்தது. களிம்பைத் தடவிக்கொண்டு, அங்கிளுக்காக இன்னொரு தடவை மூன்று அடித்தேன். நான்காவது உடனே வந்தது.

அங்கிளின் இடது கை மேலே போய் அங்கேயே நின்றது. "மிட்டு" என்றார். நடு எழுத்து சரியாக வரவில்லை. பதினோரு நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது என்று பிறகு சொன்னார்கள்.

ஒரு கிளி கீழ்க்கிளைக்கு இறங்கி வந்தது. தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்தது. "ஆஜா, மிட்டு, ஆஜா" என்று கூப்பிட்டு ஆன்ட்டி கெஞ்சினார். அதற்குப் பின்னாலேயே இன்னொரு கிளி இறங்கி, ஒட்டி உட்கார்ந்து, அதன் கழுத்தைக் கோதியது. ஹர்ப்ரீத் கூண்டை உயர்த்தினார். இரண்டும் சேர்ந்து உச்சிக்குப் பறந்துவிட்டன.

நான் மறுபடி உதட்டைக் குவித்தேன். அங்கிள் கைத்தடியால் கூண்டை மெல்லக் கீழே தாழ்த்தினார்.

"ரெஹ்ண் தே" என்றார்.

இருக்கட்டும், விடு என்று பொருளாம். பதினான்கு வருடம் ஊட்டி வளர்த்தவனை ஒரு பெண்ணுக்காக விட்டுப்போய்விட்டான், கடலைத் திருடன் என்று ஆன்ட்டி கார் வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அங்கிள் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். கண்ணைத் துடைத்தாரா என்று எனக்குத் தெரியாது, இருட்டிவிட்டது.

5.30. டீ குடித்துவிட்டு விடைபெற்றேன். கிளியைக் கொண்டுவராமல் போகிறேனே என்று ஹர்ப்ரீத்திடம் சொன்னேன். அவர் சமையலறைப் பக்கம் காட்டினார். ஆன்ட்டி ஸ்டூல் போட்டு ஏறி அலமாரி உச்சியிலிருந்து குக்கரை இறக்கிக்கொண்டிருந்தார். மிஞ்சிய ஜிலேபி என் பைக்குள் வந்துவிட்டது.

ரயில் வெஸ்ட் ஈலிங்கில் நின்றபோது அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்த ஒரு குடும்பம் ஏறியது. நெற்றியில் திருநீறு, பேச்சு யாழ்ப்பாணத் தமிழ். பகல் முழுக்கப் புரியாத மொழியில் இருந்துவிட்டு அதைக் கேட்க இதமாக இருந்தது. ஆனால் அன்று எனக்கு விளங்காமல் போனது என்று குறிப்பேட்டில் எழுத எதுவும் கிடைக்கவில்லை. வைட்சாப்பலில் இறங்கும்போது ஹர்ப்ரீத்திடமிருந்து குரல்செய்தி வந்தது. ஒன்றரை நிமிடம். அதை நடைமேடையில் கேட்டேன். பிறகு வண்டியில் இரண்டு தடவை கேட்டேன்.

7.10. ஈஸ்ட் ஹாம். சிவநேசன் அண்ணை சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"கிளி அம்பிட்டுதோ தம்பி?"

"இல்லண்ணே. ஆனா ஒண்ணு கெடச்சுது. விசில்தான், உங்களுக்குப் போடலாமா?"

கத்தியை வைத்துவிட்டு, கதிரையை இழுத்து உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "போடும்."

போட்டேன். குக்கர். ஒன்று, இரண்டு, மூன்று. கரண்டிச் சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வெறும் காற்று, ஓட்டைக் குழாயில் போவது மாதிரி உடைந்து உடைந்து. முடியப்போகும் இடத்தில் அந்தக் காற்றுக்குள் நூல் கனத்துக்கு ஒரு சத்தம் எழும்பி, கடைசியில் கொஞ்சம் ஏறி நின்றது. உடனே ஆன்ட்டியின் சிரிப்பு. கீழே ஹர்ப்ரீத் எழுதியிருந்தார்: நாலாவது அப்பா. திங்கட்கிழமை பயிற்சிப் பெண்ணை வரச் சொல்லிவிட்டார்.

அதை அண்ணைக்குப் படித்துச் சொன்னேன். அவர் தன் கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பிடியிலிருந்து கை எப்போதோ நழுவி மடிக்கு வந்திருந்தது.

"இது ஓடச் சொல்லுற விசில் இல்லை என்ன" என்றார்.

"இல்லண்ணே. எழுந்தாச்சான்னு கேக்குறது."

"ஓம்" என்றார். பிறகு, "இன்னொருக்கால் போடும், தம்பி."